நசுக்காமல் விட்ட முள்

கடையிலிருந்து வருகிற ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும், நுனிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் சாய்ந்த ஒரு சின்ன எதிர்முள் இருக்கும். நுனி மீனின் வாய்க்குள் போகும். எதிர்முள் அதைத் திரும்பி வர விடாது. குளிரோடையில் மட்டும் அந்த எதிர்முள்ளுக்கு இடமில்லை. குறட்டால் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தி நசுக்கி, விரலால் தடவிப் பார்த்து, வழவழவென்று இருந்தால்தான் அதில் இறகு கட்டுவார்கள்.

நசுக்குவது தணிகாசலத்தின் வேலை. அவர் அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து குறடு அவர் கையில்தான். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. தொட அவர் விட்டதும் இல்லை.

தேயிலைத் தோட்டங்கள் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் இறங்கி வருகிறது குளிரோடை. டிரவுட் மீன் ஓடுகிற தண்ணீர். கரையோரம் மூன்று தகரக் கொட்டகைகள். அங்கே இருந்தவர் தெய்வானையம்மா. தணிகாசலத்துக்குக் குரு, ஆனால் அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். குரு சீடரை 'அண்ணே' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

மனசு சரியில்லை என்று யாராவது மலையேறி வந்தால், தெய்வானையம்மா அவர்களை உட்காரவைத்து எதுவும் சொல்லமாட்டார். ஒரு கோலைக் கையில் கொடுப்பார். நூல் நுனியில் சேவல் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி. அதைக் காற்றில் சுழற்றிவிட்டு, நிஜப் பூச்சி உட்காருகிற மாதிரி தண்ணீர் மேல் உட்காரவைக்க வேண்டும். மீன் வந்து கவ்வினால் கரைப்பக்கம் கூட்டிவந்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டும். குழம்பு வைப்பது கிடையாது. "பின்னே எதுக்குப் பிடிக்கிறது?" என்று கேட்காமல் கோலை வாங்கிக்கொண்டவர்கள் குறைவு.

தணிகாசலம் பழைய பஸ் கண்டக்டர். எந்த சீட்டில் யார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். மலைக்கு வந்தும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. இங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்ததே ஒரு சீட்டுதான். அதில் தான் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மரியதாஸ் வந்து சேர்ந்தார்.

நாற்பதைத் தாண்டிய தையல்காரர். திருநெல்வேலிப் பக்கம். பெண்டாட்டி செத்த பிறகு மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை என்று கடையைச் சாத்திவிட்டு மலையேறியவர். ஆனால் வாயை மட்டும் சாத்தவில்லை. வந்த அன்றே கேட்டார்.

"எதிர்முள்ளை நசுக்கிட்டா மீன் ஓடிராதா அக்கா?"

அக்கா! தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவர் வாய் 'அம்மா'வைத் தாண்டிப் போனதில்லை. வந்து சேர்ந்த காலில் தூசிகூட உதிரவில்லை, அதற்குள் அக்கா.

தெய்வானையம்மா நசுக்கிய முள் ஒன்றை எடுத்து மரியதாஸின் சட்டைக் கையில் குத்தினார். அதில் கட்டிய நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டார்.

"நடங்க."

மரியதாஸ் நடந்தார். நூல் விறைத்தது. சட்டைக் கை இழுபட்டது. முள் அசையவில்லை.

"இந்தப் பக்கம் திரும்புங்க. இப்ப அந்தப் பக்கம்."

அவர் திரும்பின பக்கமெல்லாம் தெய்வானையம்மாவின் கையும் திரும்பியது. முள் அப்படியே நின்றது. பிறகு கையைச் சும்மா தொங்கவிட்டார். நூல் தொய்ந்தது. முள் தானாகக் கழன்று புல்லில் விழுந்தது.

"எப்ப விழுந்துச்சு?"

"நீங்க கவனிக்காம விட்டப்ப அக்கா."

"அவ்வளவுதான்."

மரியதாஸ் சட்டைக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஓட்டைகூடத் தெரியலையே! ஊர்ல எல்லா ஆணியும் இப்படி இருந்தா என் தொழில் என்ன ஆகும்?"

தெய்வானையம்மா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

தணிகாசலம் குறட்டை எடுத்து, ஏற்கெனவே நசுக்கிய முள்ளையே மறுபடி நசுக்கிக்கொண்டிருந்தார். தனக்கு அவர் இப்படிக் காட்டித் தந்ததில்லை. தான் வந்த அன்றைக்குக் குறட்டைக் கொடுத்து, "இதை நசுக்குங்க அண்ணே" என்றதோடு சரி. அதுதான் பெரிய பாக்கியம் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தார். இப்போது யோசித்துப் பார்த்தால், பாக்கியம் மாதிரியும் இருந்தது, வேலைக்காரனுக்குக் கொடுத்த வேலை மாதிரியும் இருந்தது.

சாயங்காலம் அடுப்படியில் கேட்டேவிட்டார்.

"அவருக்கு இவ்வளவு சீக்கிரம் கோலைக் கொடுத்துட்டீங்களேம்மா?"

"உங்களுக்கு எப்பக் கொடுத்தேன் அண்ணே?"

"மறுநாள் காலையில."

"அப்புறம் என்ன?"

"அவருக்கு வந்த அன்னைக்கே."

தெய்வானையம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரை நீட்டினார். "டீ ஆறுது, குடிங்க."

மரியதாஸுக்குக் கை சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் தணிகாசலத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நூலை எவ்வளவு இழுத்தால் துணி சுருங்கும், எவ்வளவு விட்டால் தையல் தொங்கும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்த விரல்கள். மீன் ஓடினால் கூடவே ஓடின, நின்றால் நின்றன, நூலை ஒரு நொடி தளரவிடவில்லை. கரைக்கு வந்த மீனின் வாயருகே விரலை வைத்து முள்ளை லேசாகத் திருப்புவார். வழுக்கிக்கொண்டு வரும். மீனுக்குத் தன்னை விட்டாயிற்று என்று தெரியச் சற்று நேரமாகும். தெரிந்ததும் வாலை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போய்விடும். ஒரு சொட்டு ரத்தம் இருக்காது.

"போய்ட்டு வாங்க ஐயா" என்று ஒவ்வொரு மீனுக்கும் சொல்லி அனுப்புவார். எதிர்க்கரையில் நின்ற தெய்வானையம்மா அதற்கும் சிரிப்பார்.

தணிகாசலத்தின் நூலில் அந்த நாட்களில் மீன் நிற்கவில்லை. கவ்வும், பாதி வழியில் கழன்று போகும். அவர் கண் ஓடையில் இருந்தால்தானே? அது எதிர்க்கரையில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவருக்கு ஒரு மீன் மாட்டிக் கரை வரைக்கும் வந்தது. பார்த்தால் மேல்வாய் இரண்டாகக் கிழிந்திருந்தது. பழைய கிழிசல். கீழே பாலத்தடியில் சுற்றுலா வருகிறவர்கள் எதிர்முள்ளோடு தூண்டில் போடுவார்கள். எதிர்முள் கழலாது. அவர்களும் பொறுக்கமாட்டார்கள். பிடுங்குவார்கள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மரியதாஸ் கிழிசலின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "இதை எப்படி அக்கா தைக்கிறது?"

கேலி இல்லை. கண் நிறைந்திருந்தது. தெய்வானையம்மா அவர் தோளில் கையை வைத்தார்.

"தண்ணி தைக்கும். நாளாகும்."

மீனைப் பிடித்தது நான். கை வைத்தது அவர் தோளிலா? தணிகாசலம் மீனை விட்டுவிட்டு எழுந்துபோனார். அது நீந்திப் போனதா, மல்லாந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வருஷமும் மழை பிடிப்பதற்கு முன்பு ஒருநாள் விடியற்காலையில் தெய்வானையம்மா மேல்மடுவுக்குப் போவார். ஓடை பிறக்கிற இடம். அங்கே கோல் எடுத்துப் போவதில்லை. மீன் குஞ்சுகளைக் கரையில் உட்கார்ந்து சும்மா பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். சின்ன மடு. கூட ஒருவர் போகலாம். இன்னொருவர் சேர்ந்தால் நிழல் விழுந்து குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். இத்தனை வருஷமும் அந்த ஒருவர் தணிகாசலம். வருஷம் முழுக்க முள் நசுக்குவதற்கு அந்த ஒரு பகல்தான் அவருக்குக் கூலி.

"இந்தத் தடவை மேலே எப்பம்மா?" என்று ஆரம்பித்தார்.

"நாளை கழிச்சு."

"வழியில சாப்பிட என்ன கட்டணும்? நம்ம ரெண்டு பேருக்குத்தானே?"

"பார்க்கலாம் அண்ணே."

இதற்கு முன் அவர் 'பார்க்கலாம்' என்று சொன்னதில்லை. தணிகாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மரியதாஸ் வேறு சும்மா இருக்காமல், "மேல்மடு ரொம்ப அழகா இருக்குமோ அண்ணாச்சி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"தண்ணிதான். வேற என்ன இருக்கும்?"

"அக்கா சொன்னதைக் கேட்டா அப்படித் தெரியலையே."

எப்போது சொன்னார்? எனக்குத் தெரியாமல் எப்போது?

மறுநாள் காலை தணிகாசலம் முள் டப்பாவைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்தார். வரிசையாக நசுக்கிக்கொண்டே வந்தார். ஒன்றைக் குறட்டில் பிடித்தார். அழுத்தவில்லை. குறட்டிலிருந்து எடுத்து விரலால் தடவினார். எதிர்முள் நகத்தில் இடறியது.

அதில் சிவப்புச் சேவல் இறகை நெருக்கமாகக் கட்டினார். எதிர்முள் வெளியே தெரியவில்லை. அவர் அவ்வளவு அழகாக வேறெதையும் கட்டியதில்லை. மரியதாஸின் டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தார்.

அவர் கணக்கு இதுதான். மீன் மாட்டும். மரியதாஸுக்குக் கழற்ற வராது. பதறுவார், பிடுங்குவார். அந்தக் கிழிந்த வாயைத் தெய்வானையம்மா பார்ப்பார். மீனைக் கிழித்த கையை யார் மேல்மடுவுக்குக் கூட்டிப்போவார்கள்?

மீனைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

"அட, இது யார் கட்டினது? மாப்பிள்ளை மாதிரி இருக்கே!" என்று மரியதாஸ் சிவப்பு இறகை எடுத்து நூலில் முடிந்தார். "அண்ணாச்சி, எனக்காகவா?"

"ம்."

"உங்க மனசு யாருக்கு வரும்?"

தணிகாசலம் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார். குறடு மடியில் இருந்தது.

பூச்சி தண்ணீரில் உட்கார்ந்ததும் கவ்விவிட்டது. பெரிய மீன். மரியதாஸ் பக்குவமாகக் கூட்டிவந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று, குனிந்து, வழக்கம்போல முள்ளைத் திருப்பினார். வரவில்லை. மறுபடி திருப்பினார்.

"வர மாட்டேங்குதே."

பிடுங்கு, என்றது தணிகாசலத்தின் மனசு.

மரியதாஸ் பிடுங்கவில்லை. மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கிக்கொண்டு சத்தம் போட்டார். "அக்கா! கொஞ்சம் வாங்க. இவருக்கு வலிக்குது."

தெய்வானையம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினார். ஈரக் கையால் மீனை வாங்கிக்கொண்டார். வாயைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கை நின்றது. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, எதிர்முள்ளைத் தன் நகத்தால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தார். வெளியே வந்த நொடியில் மீன் துள்ளியது.

நூலைத் தளரவிடாதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை மரியதாஸின் கை. அது அப்போதும் தளரவிடவில்லை. மீன் போனதும் விறைத்திருந்த நூல் வெடுக்கென்று பின்வாங்கியது. முள் தெய்வானையம்மாவின் கட்டைவிரல் அடிச்சதையில் பாய்ந்தது.

"ஐயோ அக்கா!"

மற்ற நாளாக இருந்தால் ஒன்றுமே இல்லை. கோல் வீசுகிறவர்கள் தோளில், காதில், முதுகில் முள் குத்திக்கொள்வது அங்கே அன்றாடம் நடப்பது. வந்த வழியே இழுத்தால் ஊசி மாதிரி வந்துவிடும். மரியதாஸ் இழுத்தார். தோல் கூடாரம் மாதிரி எழும்பியது. முள் வரவில்லை.

"விடுங்க" என்றார் தெய்வானையம்மா. வலியில் உதடு வெளுத்திருந்தது. கரையேறித் தணிகாசலம் இருந்த பாறைக்கு நேராக வந்து, எதிரே உட்கார்ந்து, கையை அவர் மடியில் வைத்தார்.

"குறடு உங்ககிட்டதானே இருக்கு?"

"அம்மா..."

"எடுங்க."

தணிகாசலம் முள்ளின் காம்பைக் குறட்டால் பிடித்து இழுக்கப் பார்த்தார்.

"இழுக்காதீங்க அண்ணே. அது திரும்பி வராது."

"பின்னே?"

"முன்னால தள்ளுங்க."

"இன்னும் உள்ளேயா?"

"உள்ளேதான். அந்தப் பக்கம் வெளியே வர்ற வரைக்கும்."

"வலிக்கும்மா."

"வலிக்கும்."

அவர் தள்ளினார். சதைக்குள் முள் நகர்வது குறட்டின் வழியாகக் கைக்குத் தெரிந்தது. தோல் ஒரு இடத்தில் மொட்டு மாதிரி புடைத்தது. பிறகு நுனி வெளியே வந்தது. அதற்குப் பின்னால், ரத்தத்தில் நனைந்து, வெயிலில் மின்னிக்கொண்டு எதிர்முள் வெளியே வந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்ப வெட்டுங்க."

குறட்டின் வாயால் எதிர்முள்ளோடு சேர்த்து நுனியை வெட்டினார். துண்டு எங்கோ தெறித்தது. மிச்சம் வந்த வழியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

மரியதாஸ் அழுதுகொண்டிருந்தார். "என் தப்பு அக்கா. கட்டறதுக்கு முன்னாடி நான் தடவிப் பார்த்திருக்கணும். அண்ணாச்சி ஆசையாக் கட்டிக் கொடுத்தாரேன்னு அப்படியே முடிஞ்சிட்டேன். கடையில எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஊசியைப் பார்க்காம நூல் கோக்காதேன்னு. எனக்குப் புத்தி எங்க போச்சு?"

"மரியதாஸ், போய் அடுப்புல வெந்நீர் வைங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

தணிகாசலம் தன் துண்டைக் கிழித்துக் காயத்தைச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் கையை விடவில்லை. ஓடைச் சத்தம் ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

"அவர் தப்பு இல்லம்மா."

"ம்."

"நான்தான். வேணும்னேதான்."

"ம்."

"தெரியுமா உங்களுக்கு?"

"மீன் வாயில பார்த்ததுமே தெரியும். உங்க கை மறந்துபோய் ஒரு முள்ளை நசுக்காம விடாது அண்ணே."

"அப்ப ஏன் என்கிட்டக் கையைக் கொடுத்தீங்க?"

"குறடு உங்ககிட்டதானே இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது. பஸ்ஸில் சில்லறைக்காக எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும். இது தீருகிற மாதிரி இல்லை.

"ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கணுமா?"

"வேண்டாம்."

கொட்டகையிலிருந்து புகை எழும்பியது. மரியதாஸ் ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டு, இருமிக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"நாளைக்கு மேலே போறீங்களாம்மா?"

"கையிலதானே குத்திச்சு. கால் நல்லாத்தான் இருக்கு."

"கூட யாரு?"

"மரியதாஸ்."

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் நெஞ்சில் வந்து பாய்ந்தது.

"இதுக்குத் தண்டனையாம்மா?"

"இல்லண்ணே. நேத்தே நினைச்சது. அவர் இன்னும் பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்க."

"அப்ப இதுக்கு என்ன தண்டனை?"

தெய்வானையம்மா துணி சுற்றிய கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்துக் கேட்டதைத் தணிகாசலம் இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரோடும் ஒட்டி இருந்ததும் இல்லை.

"இத்தனை வருஷம் என்னை உங்ககூடவே வச்சிருந்தீங்க. இனிமே விட்டுருவீங்களாம்மா?"

தெய்வானையம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் எப்ப அண்ணே உங்களைப் பிடிச்சு வச்சேன்?"

தணிகாசலம் குறட்டில் இருந்த ரத்தத்தை மிச்சத் துண்டில் துடைத்தார். எழுந்து போகவில்லை.